அடிச்சாச்சு, மறந்தாச்சு

அந்தத் தெருவில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. டைப்பக்கா என்றால் பால்காரரிலிருந்து பல் டாக்டர் வரை எல்லோருக்கும் தெரியும். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் டைப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். லிஃப்ட் ரிப்பேர் வேலை பார்க்கும் அவள் புருஷனுக்குக் கோபம் வந்தால் அவர் வாயிலும் அதேதான் வரும்.

வீட்டு முன்னறைதான் அவளுடைய ஆபீஸ். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், அடிக்கடி காகிதத்தை மென்று துப்பும் ஒரு பிரிண்டர், எதிரில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. பத்தொன்பது வருஷமாக அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து ஜனங்கள் சொல்லச் சொல்ல அவள் அடித்திருக்கிறாள். லீவு கேட்டு, வேலை கேட்டு, மன்னிப்புக் கேட்டு, விவாகரத்துக் கேட்டு, அதே விவாகரத்து இப்போது வேண்டாமென்று கேட்டு. மேல்மாடிக்காரர் துணி பிழியும் தண்ணீர் தன் தலையில் விழுகிறதென்று கீழ்மாடிக்காரர் எழுதிய மனுவை அடித்தவளும் அவள்தான். அது தண்ணீரே அல்ல, வியர்வை என்று மேல்மாடிக்காரர் எழுதிய பதிலை அடித்தவளும் அவள்தான்.

காகிதத்தை மடித்துக் கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் ஒரே வார்த்தைதான் சொல்வாள். "அடிச்சாச்சு, மறந்தாச்சு."

விளையாட்டாக ஆரம்பித்தது, போகப் போகக் கடைப் பலகை மாதிரி ஆகிவிட்டது. அதை நம்பித்தான் பாதிப் பேர் வந்தார்கள். அவளும் பொய் சொல்லவில்லை. மாலையில் அடுப்படிக்குப் போகும்போது காலையில் அடித்தது எதுவும் அவள் தலையில் இருக்காது.

மறக்காதது கம்ப்யூட்டர் பெட்டிதான். 'போன மாசம் அடிச்சதுல இன்னொரு காப்பி வேணும்' என்று யாராவது வந்து நிற்பார்கள் என்பதால், எல்லாக் கடிதத்தையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தாள். ஆள் பேரை மட்டும் எந்தக் கோப்புக்கும் வைக்கமாட்டாள். வந்தவர் கையிலோ உடம்பிலோ கண்ணில் பட்டது எதுவோ, அதுதான் பேர். 'ஒத்தைக் கம்மல்', 'இருமல்', 'நாய்ச் சங்கிலி', 'பச்சைக் குடை'.

பச்சைக் குடைக்காரி வந்தது இரண்டு மாதத்துக்கு முன்னால். உச்சி வெயிலில், மணிக்கட்டு வரை கை வைத்த ரவிக்கை போட்டுக்கொண்டு, குடையை மடக்கியும் கையை விட்டு இறக்காமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். மெயின் ரோடு பெயிண்ட் கடைக்காரரின் மனைவி. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். டின் மூடியை நெம்பித் திறக்கும் கம்பி ஒன்று கடையில் இருப்பதையும், அது எப்போதெல்லாம் வீட்டுக்கு வருமென்பதையும் சொன்னாள். ரவிக்கைக் கையை ஏற்றிக் காட்டவில்லை; டைப்பக்காவும் கேட்கவில்லை. கடிதம் வேறு ஊரிலிருக்கும் ஒரு பெண்கள் இல்லத்துக்கு. நான் வந்தால் இடம் கிடைக்குமா, பதிலை என் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், டைப் அடிக்கும் அக்கா வீட்டு முகவரிக்கு அனுப்பவும்.

பதில் வந்தது. பச்சைக் குடை அதை நின்றபடியே படித்தது, துண்டு துண்டாகக் கிழித்தது, துண்டுகளை டைப்பக்கா கையிலேயே கொடுத்தது.

"அடுப்புல போட்டுடுங்கக்கா. வர்ற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி. அவர் காலையில லோடு எடுக்கப் போவாரு. அந்த நேரத்துல."

"அடிச்சாச்சு, மறந்தாச்சும்மா."

நிஜமாகவே மறந்துவிட்டாள். அந்த இரண்டாவது வெள்ளி வரும் வாரத்தில்தான் அவளுக்குப் புது லேப்டாப் வந்தது.

பழைய பெட்டியை என்ன செய்வதென்று கேட்டபோது, ஃபோன் ரிப்பேர் கடை வைத்திருந்த தம்பி, பாதி எஞ்சினியர் என்று தன்னைச் சொல்லிக்கொள்பவன், உடனே வழி சொன்னான். "ஒரு கடைக்காரர் பில் போடறதுக்குக் கேட்டாருக்கா. பதிலுக்கு உன் முன்னறைக்கு ஆகுற பெயிண்ட் தர்றேங்கிறாரு. சுவர் பாக்கச் சகிக்கல. வர்றவங்க விவாகரத்து கேக்கறதுக்கே இந்தச் சுவர்தான் காரணம்."

பெயிண்ட் என்ற சொல் காதில் விழுந்தும் அவளுக்கு எதுவும் பொறி தட்டவில்லை. ஊரில் பெயிண்ட் கடை ஒன்றா இரண்டா?

"கொடுக்கறதுக்கு முன்னாடி ரீசெட் பண்ணணும். நான் வந்து பண்ணட்டா?"

"வேணாம். ஊர்க் கடிதம் பூரா அதுல இருக்கு. நானே பண்றேன். எங்க அமுக்கணும்னு மட்டும் சொல்லு."

"செட்டிங்ஸ்ல ரீசெட்னு இருக்கும். அமுக்கு. மத்ததை அதுவே கேக்கும்."

அதுவும் கேட்டது. திங்கட்கிழமை மத்தியானம், திரையில் இரண்டே வரி. மேலே 'எனது கோப்புகளை வைத்திரு'. கீழே 'எல்லாவற்றையும் அகற்று'. டைப்பக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள். எல்லாவற்றையும் அகற்றினால் பில் போடுகிறவர் வெறும் தகரத்தையா வைத்துக்கொண்டு உட்காருவார்? வாங்குகிறவர் பெட்டியை எடுத்துக்கொள்ளட்டும், என் கோப்புகள் என்னிடமே இருக்கட்டும். நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. மேல் வரியை அமுக்கினாள். சக்கரம் சுற்றியது, எண்கள் ஏறின, பெட்டி தானாக அணைந்து தானாக எரிந்தது. அந்த நேரம் தம்பி வந்து, "முடிஞ்சுதா? ஆட்டோ நிக்குது," என்று ஒயரைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு போனான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு பெயிண்ட் டின்னோடு திரும்பி வந்தான். மேசைக்குக் கீழே இறக்கி வைத்தான். மூடியில் கடையின் சீட்டு ஒட்டியிருந்தது. மெயின் ரோடு, பேருந்து நிறுத்தம் எதிரில்.

அந்த முகவரியை அவள் விரல்கள் ஒருமுறை அடித்திருந்தன. தலை மறந்தாலும் விரல் மறக்கவில்லை.

"இந்தக் கடையாடா?"

"இந்தக் கடைதான். ஏன், நல்ல மனுஷன்க்கா. சிரிச்சுச் சிரிச்சுப் பேசறாரு." தம்பி நாற்காலியில் சரிந்தான். "ஆனா நீ ரீசெட் பண்ண லட்சணம் இருக்கே! காலையில ஃபோன் பண்ணாரு. ஆன் பண்ணினா உன் ஃபோட்டோதான் வருதாம். பாஸ்வேர்ட் கேக்குதாம். நீ எதை அமுக்கின?"

"என் கோப்புகளை வைத்திருன்னு இருந்துச்சு. நான் வெச்சுக்கறேன்னு அமுக்கினேன்."

தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அய்யோ அக்கா! வெச்சுக்கச் சொன்னது உன்னை இல்ல. பெட்டியை!"

டைப்பக்கா டின் மூடியிலிருந்த சீட்டையே பார்த்தாள். அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அப்ப எல்லாம் உள்ளதான் இருக்கா?"

"அத்தனையும் பத்திரமா இருக்கும். விடு, பாஸ்வேர்டைச் சொல்லு, நான் ஃபோன்ல சொல்லிடறேன், அவங்களே அழிச்சுக்குவாங்க. இல்லாட்டியும் சாயங்காலம் யாரோ கம்ப்யூட்டர் ஆளு வர்றானாம், பாஸ்வேர்ட் இல்லாமலே உள்ள போயிடுவானாம்."

"சொல்லாதே." குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "நீ ஒண்ணும் சொல்லாதே. நானே போறேன்."

"எதுக்குக்கா? லவ் லெட்டர் ஏதாவது அடிச்சு வெச்சிருக்கியா?"

என்னவென்று சொல்வது? பத்தொன்பது வருஷத்தில் தம்பியிடம்கூட ஒரு வரி சொன்னதில்லை. இப்போது சொன்னால் அவன் இரண்டு பேரிடம் சொல்வான், அதுவும் நல்ல எண்ணத்தில். "என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே அவர் பில் போடணுமா? போய்ச் சரிபண்ணிட்டு வந்துடறேன்," என்று செருப்பை மாட்டினாள். இடது காலில் வலது செருப்பு. தெருமுனைக்குப் போனபிறகுதான் தெரிந்தது.

இன்னும் மூன்று நாள். அவள் மனம் அதையே எண்ணிக்கொண்டிருந்தது. புதன், வியாழன், வெள்ளி. கடிதத்தில் எல்லாம் இருந்தது. இல்லத்தின் பேர், ஊர், அடி விழுந்த இடங்கள், பதில் வர வேண்டிய முகவரி. அந்த ஆள் அதைப் படித்தால் முதலில் யாரிடம் போவான்? மாடிப்படி ஏறித் தன் மனைவியிடம். இரண்டாவதாக? அந்த முகவரிக்கு. நடுரோட்டில் நின்று மூச்சு வாங்கினாள். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதை யாரோ பார்த்துவிட்டார்கள் போல முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

கடையில் பெயிண்ட் கரைக்கும் தின்னர் வாடை தொண்டையைப் பிடித்தது. சுவர் முழுக்க டின்கள். நிறம் கலக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஒரு ஆணியில், பச்சைக் குடை தொங்கியது.

"வாங்க வாங்க, டைப்பக்கா!" கடைக்காரர் எழுந்தே நின்றார். வழுக்கையும் சந்தனக்கலர் சட்டையுமாக, யார் பார்த்தாலும் சித்தப்பா என்று கூப்பிடத் தோன்றும் முகம். "உங்களைத்தான் காலையிலேர்ந்து பாத்துக்கிட்டிருக்கேன். பெட்டியில!"

அவர் கையில் அந்தக் கம்பி இருந்தது. ஒரு சாண் நீளம், நுனி தட்டையாக வளைந்து. பேசிக்கொண்டே அதால் கல்லாவின் விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தார். டைப்பக்கா அதைப் பார்க்காமலிருக்க முயன்றாள். கண் அங்கேயே போனது.

"தப்பா அமுக்கிட்டேன். அஞ்சு நிமிஷம் கொடுங்க, சரி பண்ணிடறேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டார். பின்னாலேயே நின்றார். பாஸ்வேர்டை முதல் தடவை தப்பாக அடித்தாள். பத்தொன்பது வருஷம் கீபோர்டைப் பார்க்காமல் அடித்த கை! இரண்டாம் தடவையும் தப்பு.

"என்னக்கா, உங்க பெட்டிக்கே உங்களை அடையாளம் தெரியலையே," என்று காதுக்குப் பக்கத்தில் சிரித்தார்.

மூன்றாவது தடவை திறந்தது. அவள் செட்டிங்ஸைத் தேடுவதற்குள் கம்பி பிடித்த கை தோளுக்கு மேலாக வந்து மவுஸை எடுத்துக்கொண்டது. "இருங்க, என்னதான் இருக்குன்னு பாப்போம். ஊர் ரகசியம் முழுக்க இதுலதானாமே? உங்க தம்பி சொன்னாரு."

ஃபோல்டர் திறந்தது. வரிசையாகப் பேர்கள் கொட்டின. 'இருமல்' என்று படித்தார், சிரித்தார். 'நாய்ச் சங்கிலி' என்று படித்தார். அம்பு மெல்ல மெல்ல இறங்கியது. 'பச்சைக் குடை.' அங்கே நின்றது.

"பச்சைக் குடையா?"

ஆணியில் தொங்கிய குடையை அவர் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள். பார்த்தது தெரிந்துவிட்டால் தீர்ந்தது என்று உடனே கண்ணைத் திரைக்குத் திருப்பினாள். மழுப்பலாம், கெஞ்சலாம், மின்சார ஒயரைக் காலால் இழுத்துவிடலாம். எதுவும் வரவில்லை. வந்தது, இத்தனை வருஷமாக மேசைக்குப் பின்னாலிருந்து பேசிய அந்தக் குரல் மட்டும்தான்.

"திறங்க," என்றாள். "தாராளமா திறங்க. ஆனா ஒண்ணு. நாளைக்கு உங்களுக்கு ஒரு கடிதம் அடிக்கணும்னா என்கிட்ட வரமாட்டீங்க. இன்னைக்கு மத்தவங்களோடதை உங்களுக்குக் காட்டினவ, நாளைக்கு உங்களோடதை யாருக்குக் காட்டுவாளோன்னு தோணும்ல?"

கம்பி பிடித்த கை மவுஸ் மேலேயே நின்றது. அவர் அவளையே பார்த்தார். சிரிப்பு முகத்தில்தான் இருந்தது, கண்ணில் இல்லை. அந்தப் பார்வையைத்தான் அந்தப் பெண் தினம் பார்த்துக்கொண்டு சோறு போடுகிறாள் என்று டைப்பக்காவுக்கு அப்போது புரிந்தது.

"எனக்கென்னக்கா கடிதம்? நான் யாருக்குப் பயப்படணும்?" என்றார். ஆனால் மவுஸை விட்டுவிட்டார். "நீங்க கறார்தான். கேள்விப்பட்டிருக்கேன். பண்ணுங்க, பண்ணுங்க."

மறுபடியும் அதே இரண்டு வரி. இம்முறை கீழ் வரியை அமுக்கினாள். அது மேலும் கேட்டது. சும்மா அழித்தால் சீக்கிரம் முடியும், ஆனால் தெரிந்தவர்கள் மீட்டுவிடலாம். முழுவதும் துடைத்தால் யாராலும் மீட்க முடியாது, நேரமாகும். சாயங்காலம் வரப்போகிற கம்ப்யூட்டர் ஆளை நினைத்துக்கொண்டு முழுவதும் துடை என்றாள்.

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம் ஆகலாம்."

"அஞ்சு நிமிஷம்னீங்க!"

"அழுக்கு அவ்வளவு இருக்கு," என்றாள்.

அதற்குச் சிரித்துவிட்டு வியாபாரத்தைப் பார்க்கப் போனார். டைப்பக்கா நகரவில்லை. மூன்று சதவீதம். ஏழு. பதினொன்றில் வெகுநேரம் நின்றது. ஆட்கள் வந்தார்கள், வெள்ளை கேட்டார்கள், எந்த வெள்ளை என்று அவர் கேட்டார். ஒவ்வொரு டின்னையும் அவர் நெம்பும்போது மூடி 'டொப்' என்று கழன்றது. ஒவ்வொரு டொப்புக்கும் அவள் தோள் தானாக உயர்ந்து இறங்கியது.

முப்பத்து நாலில் மாடியிலிருந்து அவர் மனைவி டீ கொண்டுவந்தாள்.

அந்த வெயிலிலும் அதே நீளக் கை ரவிக்கை. மாடிப்படியின் கடைசிக் கட்டில் நின்றாள். கல்லாவில் புருஷன், கம்ப்யூட்டர் முன்னால் டைப்பக்கா. தட்டில் இரண்டு டம்ளரும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. தன்னைக் காட்டிக்கொடுக்க வந்திருக்கிறாள் என்று அந்த முகம் நினைத்தது. டைப்பக்காவுக்கு அது பளிச்சென்று தெரிந்தது.

"டைப்பக்காடி. பழைய பெட்டி நமக்குத்தான் வந்திருக்கு," என்றார் அவர்.

டைப்பக்கா டம்ளரை எடுக்க எழுந்தாள். சத்தமாக, கடைக்காரர் காதிலும் விழும்படி சொன்னாள். "ஊர்க் கடிதம் பூரா உள்ள இருந்துச்சும்மா. உக்காந்து தொடச்சுக்கிட்டிருக்கேன். ஒரு வரி மிச்சமிருக்காது. மறந்தாச்சு."

அந்தப் பெண் தட்டை அணைத்துக்கொண்டு திரும்பினாள். மேலே ஏறும்போது ஆணியிலிருந்து குடையை எடுத்துக்கொண்டு போனாள். டீ சர்க்கரையே இல்லாமல் இருந்தது. டைப்பக்கா ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

நூறு ஆனபோது கம்ப்யூட்டர் ஆளும் வந்து சேர்ந்திருந்தான். திரை வெளுத்து, எந்த மொழி வேண்டுமென்று புதிதாகக் கேட்டது. "அட, பொறந்த குழந்தையாட்டம் இருக்கே," என்றான் அவன். டைப்பக்கா எழுந்தாள். கடைப்படி இறங்கி நடந்தாள்.

புதன் போனது. வியாழன் போனது. இரண்டு இரவும் படியில் யாராவது ஏறினால் புருஷனை எழுப்பினாள். "உனக்கு லிஃப்ட் வெச்ச வீடுதான் சரி," என்று அவர் திரும்பிப் படுத்தார். வெள்ளிக்கிழமை காலையில் காய் வாங்கப் போவது போல மெயின் ரோட்டுக்குப் போனாள். கடை பூட்டியிருந்தது. பேருந்து நிறுத்தத்தில் பத்துப் பேர் நின்றார்கள், ஒருவரும் குடை வைத்திருக்கவில்லை. போனாளா, போகவிடவில்லையா? மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லாமல் காய் வாங்க மறந்து திரும்பி வந்தாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அவரே வந்து நின்றார்.

சந்தனக்கலர் சட்டை கசங்கியிருந்தது. தாடி முளைத்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடையில் வைத்துக்கொண்டார். டைப்பக்கா தன் நாற்காலியை மேசைக்கு நெருக்கி இழுத்துக்கொண்டாள்.

"ஒரு கடிதம் அடிக்கணும்," என்றார். "போலீஸ் ஸ்டேஷனுக்கு. நீங்க யார்கிட்டயும் சொல்லமாட்டீங்க. அன்னைக்கே பாத்தேனே."

"சொல்லுங்க."

"என் மனைவியைக் காணவில்லை."

போய்விட்டாள். போயே போய்விட்டாள். டைப்பக்கா முகத்தைத் திரைக்குள் புதைத்துக்கொண்டாள். விரல்கள் தானாக அடித்தன.

அவர் சொல்லிக்கொண்டே போனார். நேற்றுக் காலையிலிருந்து. போனதற்குக் காரணம் எதுவுமில்லை. "முந்தின நாள் ஒரு சின்னச் சண்டை. எதிர்த்துப் பேசினா. கையிலிருந்த கம்பியால ரெண்டு அடி அடிச்சேன், அவ்வளவுதான். அதுக்கா ஒருத்தி..." சட்டென்று நிறுத்தினார். "அத அடிக்காதீங்க."

"அடிச்சாச்சே," என்றாள் டைப்பக்கா.

"எடுத்துடுங்க. சின்னச் சண்டைன்னு மட்டும் போதும்."

"சரி."

எடுப்பதற்கு முன்னால் அவள் சுண்டுவிரலும் ஆள்காட்டி விரலும் இரண்டு விசையைச் சேர்த்து அமுக்கி, இருந்தபடியே ஒரு நகலைச் சேமித்தன. சத்தமே இல்லை. பிறகு அந்த இரண்டு வரியை அழித்தாள், சுத்தமான காகிதத்தை அச்செடுத்தாள், மடித்து நீட்டினாள். அவர் காகிதத்தைத்தான் பார்த்தார், திரையை இல்லை.

"அடிச்சாச்சு, மறந்தாச்சு."

அவர் எழுந்தபோது காலில் டின் இடித்தது. குனிந்து பார்த்தார். "இன்னும் சுவத்துக்கு அடிக்கலையா?"

"அடிக்கணும்."

அவர் தெருமுனை திரும்பும் வரை நின்று பார்த்துவிட்டுக் கதவைத் தாழிட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது புதுப் பெட்டியில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்று அவர் எடுத்துப்போனது. அதை அழித்தாள். மற்றது, அவர் சொன்னதைச் சொன்னபடியே அடித்தது. அதற்கு இன்னும் பேர் வைக்கவில்லை.

'கம்பி' என்று அடித்தாள். வைத்துக்கொண்டாள்.